நான்காம் அறையின் அளவுகள்

மார்ச் 3

மதிப்பிற்குரிய இல்லப் பொறுப்பாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு என்னைத் தெரியாது. உங்கள் இல்லத்தில் ஜனவரியிலிருந்து நான்காம் அறையில் தங்கியிருக்கும் ஆறு வயதுப் பெண்ணின் அப்பா நான். உங்கள் பதிவேட்டில் அவளுக்கு நீளமான பெயர் இருக்கும். வீட்டில் அவள் பட்டாணி. ஓரிடத்தில் நிற்க மாட்டாள், உருண்டுகொண்டே இருப்பாள், அதனால் வந்த பெயர்.

ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர்தான் தங்கலாம் என்பது உங்கள் விதி என்று என் மனைவி சொன்னாள். சரியான விதிதான். எனக்கும் இங்கே இரண்டரை வயதில் இன்னொருவன் இருக்கிறான். அவனுக்கு மூக்கு ஒழுகாத நாளே கிடையாது. சளி பிடித்த பிள்ளையை அந்தக் குழந்தைகள் பக்கம் கொண்டுவரக் கூடாது என்று டாக்டரும் சொல்லிவிட்டார். அவனை மிஷினுக்குப் பக்கத்தில் ஒரு கூடையில் உட்கார வைத்துத்தான் தைக்கிறேன். நான் தையற்காரன். பள்ளிச் சீருடைதான் பெரும்பாலும்.

போனில் என் மனைவி ஒரு விஷயம் சொன்னாள். பட்டாணியின் மார்பில் மருந்து ஏற்றுவதற்குக் குழாய் வைத்திருக்கிறார்களாம். தலைவழியாகச் சட்டை போடும்போதும் கழற்றும்போதும் அது இழுபட்டு அழுகிறாளாம். இதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேலை ஓடவில்லை. ஊசி போடுவதை என்னால் தடுக்க முடியாது. சட்டையால் அழுவதையாவது தடுக்கலாமே. முன்பக்கம் முழுக்கத் திறந்து, பக்கத்தில் நாடாவால் கட்டுகிற மாதிரி தைத்து அனுப்புகிறேன்.

அதற்கு அளவு வேண்டும். என் மனைவி டேப் பிடித்தால் ஜன்னல் திரைக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். அவளிடம் கேட்டால் "எல்லாம் பழைய அளவுதான்" என்கிறாள். தயவுசெய்து நீங்கள் எடுத்து எழுதுவீர்களா? டேப்பை இத்துடன் வைத்திருக்கிறேன். மார்புச் சுற்று, இடுப்புச் சுற்று, தோள், மேல்கைச் சுற்று, தோளிலிருந்து முழங்கால் வரை நீளம். ஐந்துதான்.

தொந்தரவுக்கு மன்னிக்கவும்.

இப்படிக்கு,
பட்டாணியின் அப்பா


மார்ச் 9

தையற்காரத் தம்பிக்கு,

கடிதமும் டேப்பும் வந்தன. முதலில் ஒன்று. 'மதிப்பிற்குரிய'வும் வேண்டாம், 'அம்மா'வும் வேண்டாம். இங்கே எல்லோருக்கும் நான் அக்கா. இரண்டு மாதக் கைக்குழந்தைக்கும் அக்கா, அதன் தாத்தாவுக்கும் அக்கா.

நீங்கள் இந்த இடத்தைப் பார்த்ததில்லை, அதனால் சொல்கிறேன். இது பழைய வீடு. ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து நடத்தும் சின்ன அறக்கட்டளை எங்களுடையது. எட்டு அறை, ஒரு பொதுச் சமையலறை, இரண்டு துணி துவைக்கும் மிஷின், அதில் ஒன்று ஓடும். ஆஸ்பத்திரி நடந்தால் ஏழு நிமிஷம். காய்ச்சலில் இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்தால் பன்னிரண்டு. நான் இங்கே வருவதற்கு முன் முப்பது வருஷம் பஸ் டிப்போவில் நேரம் குறிப்பவளாக இருந்தேன். எனக்கு எதையும் நிமிஷத்தில்தான் சொல்லத் தெரியும். கூட்டியும் சொல்ல மாட்டேன், குறைத்தும் சொல்ல மாட்டேன். டிரைவர்களுக்கு என்னைக் கண்டாலே ஆகாது.

இன்னொன்று. எங்கள் சுவரில் ஆறு விதிகள் ஒட்டியிருக்கின்றன. மூன்றாவது விதி, குழந்தையின் நோயைப் பற்றி நாங்கள் வாய் திறக்கக் கூடாது என்பது. அது டாக்டரும் பெற்றோரும் பேசிக்கொள்ள வேண்டியது. அந்த விதியைப் போட்டது நான்தான். ஒருமுறை இங்கே உதவிக்கு வந்த ஒருத்தர் நல்ல மனசோடு ஒரு அப்பாவிடம், "எல்லாம் சரியாயிடும், நீங்க தைரியமா ஊருக்குப் போங்க" என்று சொல்லிவிட்டார். அவரும் போய்விட்டார். சரியாகவில்லை. அதனால் என்னிடம் சாப்பாடு, தூக்கம், துணி, சண்டை எதைப் பற்றியும் கேளுங்கள். நோயைப் பற்றி மட்டும் கேட்காதீர்கள்.

அளவு எடுத்தாயிற்று. உங்கள் மகள் கட்டிலின் மேல் நின்றுகொண்டு எனக்கு உத்தரவு போட்டாள். "டேப்பை இறுக்காதீங்க அக்கா, எங்கப்பா ரெண்டு விரல் உள்ள விடுவாங்க." ரெண்டு விரல் விட்டேன். "உங்க விரல் குண்டு, ஒண்ணு போதும்" என்றாள். பிறகு எனக்கு அளவெடுத்தாள். என் இடுப்புக்கு டேப் பத்தவில்லை என்று வீடு முழுக்கச் சொல்லிவிட்டாள். பத்தியது. இரண்டு இஞ்ச் மிச்சமிருந்தது.

மார்பு இருபத்திரண்டரை. இடுப்பு இருபதரை. தோள் ஒன்பதே முக்கால். மேல்கை ஆறு. நீளம் இருபத்தி நாலு.

அன்புடன்,
அக்கா


மார்ச் 20

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைக் கடைக்கு வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டினேன். இரண்டு விரல் விடுவேன் என்று அவள் கவனித்திருக்கிறாள் பாருங்கள். நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை.

இரண்டு சட்டை அனுப்பியிருக்கிறேன். துணி பழசுதான், வேண்டுமென்றே நாலு தடவை துவைத்து மிருதுவாக்கித் தைத்தேன். தையல் எல்லாம் வெளிப்பக்கம் வரும். பார்க்க உள்வெளியாக இருக்கும், ஆனால் தோலில் உரசாது. அவள் கேலி செய்தால் அப்பாவுக்கு மறதி என்று சொல்லிவிடுங்கள்.

டிசம்பரில் நான் அவளுக்குக் கடைசியாகத் தைத்தபோது மார்பு இருபத்தி மூன்றரை. இப்போது ஒரு இஞ்ச் குறைவு. நீங்கள் எதுவும் சொல்ல வேண்டாம் அக்கா, உங்கள் விதி எனக்குப் புரிகிறது. ஆனால் எனக்குப் படிக்கத் தெரிந்தது டேப் ஒன்றுதான். டாக்டர் எழுதுகிற சீட்டை என் மனைவி போனில் வாசிக்கும்போது ஒன்றும் ஏறுவதில்லை. ஒரு இஞ்ச் என்றால் ஏறுகிறது.

என் கடைச் சுவரில் ஓர் அட்டவணை ஒட்டியிருக்கிறது. எந்த வயதுக்கு எந்த அளவு என்று சீருடைக்காரர்கள் அச்சடித்துக் கொடுப்பது. பதினெட்டு வருஷத்தில் அட்டவணையில் இருக்கிற மாதிரி ஒரு குழந்தையையும் நான் பார்த்ததில்லை. ஒன்றுக்குத் தோள் சரிந்திருக்கும், ஒன்றுக்கு வயிறு முன்னால் வந்திருக்கும். அதனால்தான் என் கடையில் ஒவ்வொரு பிள்ளையையும் நிறுத்தி அளவெடுக்கிறேன்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அளவு எழுதுவீர்களா? புதுச்சட்டைக்குத்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி,
தையற்காரன்


ஏப்ரல் 2

தம்பிக்கு,

உங்கள் சட்டை இங்கே பெரிய கலவரத்தை உண்டாக்கிவிட்டது. பட்டாணி அதைப் போட்டுக்கொண்டு வார்டுக்குப் போனாள். குழாயை மாற்ற வந்த நர்ஸ் நாடாவை இழுத்ததும் சட்டை திறந்துகொண்டது. குழந்தை அழவே இல்லை. "இது யார் தச்சது?" என்று நர்ஸ் கேட்க, "எங்கப்பா. உங்களுக்கும் தச்சுத் தருவாங்க, ஆனா நீங்க ஊசி போடறதால லேட்டாகும்" என்றாளாம்.

இப்போது எட்டு அறைக்கும் வேண்டுமாம். துணியை நாங்கள் வாங்கி அனுப்புகிறோம், கூலியும் உண்டு. எல்லாக் குழந்தைகளுக்கும் நானே அளவெடுத்து அறை எண் போட்டு எழுதியிருக்கிறேன். ஏழாம் அறைப் பையன் பச்சை நிறம்தான் வேண்டும் என்று அடம். நீலத்துணிதான் இருக்கிறது என்றேன். "அப்ப நான் போட மாட்டேன்" என்று திரும்பிப் படுத்துவிட்டான். எங்கேயாவது பச்சை கிடைத்தால் பாருங்கள்.

பட்டாணிக்கு: மார்பு இருபத்தி மூன்றரை. இடுப்பு இருபத்திரண்டரை. தோள் அதே. மேல்கை ஐந்தே முக்கால். நீளம் அதே.

அக்கா


ஏப்ரல் 12

என் அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு இரண்டு இஞ்ச் கூடியிருக்கிறது! எனக்குத் தலைகால் புரியவில்லை. சின்னவனைக் கூடையோடு தூக்கிச் சுற்றினேன். எதிர்ச்சாரிப் பூட்டுக்கடைக்காரர் என்ன லாட்டரி விழுந்ததா என்று கேட்டார். இரண்டு இஞ்ச் என்றேன். அவருக்குப் புரியவில்லை, ஆனாலும் கை கொடுத்தார்.

சாப்பிடுகிறாள் என்றுதானே அர்த்தம்? வீட்டில் இருந்தபோது அரை ரொட்டிக்கு ஊரையே கூட்ட வேண்டும். போனில் அவள் அம்மாவிடம் கேட்டேன், கன்னம் உப்பியிருக்கிறதா என்று. "ஆமாங்க, பூரி மாதிரி" என்றாள். சொல்லிவிட்டுச் சிரித்தாள். ஜனவரிக்குப் பிறகு அவள் சிரித்து நான் கேட்டது அன்றுதான்.

எல்லா அறைக்கும் சேர்த்துப் பதினாலு சட்டை இந்தப் பார்சலில். பச்சைத்துணிக்கு மூன்று கடை ஏறி இறங்கினேன். கூலி பேச வேண்டாம். பேசினால் பட்டன் வைத்துத் தைத்துவிடுவேன்.

ஒரு மஞ்சள் துணியும் வாங்கிவிட்டேன். அது ஆஸ்பத்திரிக்கு இல்லை. அவள் வீட்டுக்கு வருகிற நாளுக்கு. தலைவழியாகப் போடுகிற கவுன், முதுகில் ஆறு பட்டன், நாடா கிடையாது. வருகிற நாளுக்கு முந்தின வாரம் அளவு எழுதுங்கள், அப்போதுதான் வெட்டுவேன்.

தம்பி


ஏப்ரல் 21

தம்பிக்கு,

பார்சல் வந்தது. பதிமூன்று சட்டையும் உடம்புக்கு அளவெடுத்துத் தைத்தது என்று பார்த்தாலே தெரிகிறது. பச்சைச் சட்டை மட்டும் மடித்தபடி என் மேஜையில் இருக்கிறது. பார்சல் வந்தது வியாழக்கிழமை. ஏழாம் அறை புதன்கிழமை காலியாகிவிட்டது.

நீங்கள் சந்தோஷப்பட்டு எழுதிய கடிதத்தை உங்கள் வீட்டம்மா என்னிடம் வாங்கிப் பார்த்தாள். மூன்று தடவை வாசித்தாள். நான் சொல்ல நினைத்ததை அதற்குப் பிறகு சொல்ல வரவில்லை. தம்பி, இடுப்பை மட்டும் பார்க்காதீர்கள். ஐந்து அளவு எழுதியிருக்கிறேன், ஐந்தையும் பாருங்கள். மேல்கை அளவையும் ஒருமுறை மார்ச்சில் எழுதியதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அதற்கு மேல் எழுத என் விதி என்னை விடாது. அந்த விதியைப் போட்ட என்னை நானே நாலு நாளாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

மருந்து பற்றி உங்கள் வீட்டம்மாவைக் கேளுங்கள். விடாமல் கேளுங்கள்.

பட்டாணி நேற்று சமையலறைக்கு வந்து உட்கார்ந்துகொண்டு என்னைப் பற்றி ஒரு பாட்டுக் கட்டினாள். அதில் டேப்பும் என் இடுப்பும் வருகின்றன. மீதியை எழுத முடியாது.

அக்கா


மே 5

அன்புள்ள அக்காவுக்கு,

பச்சைச் சட்டைப் பையன் போய்விட்டான் என்றால் வீட்டுக்குத்தானே? அவன் ஊர் முகவரி கிடைத்தால் அங்கேயே அனுப்பிவிடலாம். கேட்டு எழுதுங்கள். வேண்டாம், கேட்க வேண்டாம். எழுதவும் வேண்டாம்.

மூன்று வாரத்துக்கு ஒரு தடவை அளவு என்று ஒத்துக்கொண்டீர்கள், வரவில்லை. போனில் கேட்டால் "நல்லாருக்கா, தூங்குறா" என்று மட்டும் பதில் வருகிறது. எப்போது கூப்பிட்டாலும் தூங்குகிறாள். காலை பதினோரு மணிக்கும் தூங்குகிறாள். பட்டாணி பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. நேற்று வற்புறுத்தி அவளிடம் போனைக் கொடுக்கச் சொன்னேன். "அப்பா, மஞ்ச சட்டை தச்சாச்சா?" என்றாள். குரல் சின்னதாக இருந்தது. லைன் சரியில்லை போலிருக்கிறது.

அக்கா, நான் புறப்பட்டு வரட்டுமா? சின்னவனைப் பூட்டுக்கடைக்காரர் வீட்டில் விடலாம். அவன் அழுவான், அழட்டும். பஸ்ஸில் ஒரு பகல், பிறகு ரயில். அறையில் தங்க வேண்டாம், வாசலில் இருந்துகொள்கிறேன். மனைவியைக் கேட்டால் "இப்ப வேண்டாம், நான் சொல்றேன்" என்கிறாள். நோய் தெரிந்த அன்றிலிருந்து நான் பதினோரு நாள் கடை திறக்காமல் மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சின்னவனுக்குப் பால் கொடுக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அதைப் பார்த்தவள் அவள். அதனால் எதையும் என்னிடம் சொல்லப் பயப்படுகிறாள். எனக்குத் தெரியும்.

உங்கள் விதிக்கு நான் குறுக்கே நிற்கவில்லை. 'வா' என்று எழுத வேண்டாம். அளவை மட்டும் எழுதுங்கள். குறைந்திருந்தால் அந்த நிமிஷமே கிளம்பிவிடுவேன். கூடியிருந்தால் இங்கேயே இருந்து மஞ்சள் துணியை வெட்டுகிறேன். பையில் நாலு துணி எடுத்து வைத்து வாசலில் வைத்திருக்கிறேன்.

தம்பி


மே 10

தம்பிக்கு,

நலமாக இருங்கள். கேட்டபடி அளவு:

மார்பு இருபத்தி நாலு. இடுப்பு இருபத்தி மூன்று. தோள் பத்தரை. மேல்கை ஏழு. நீளம் இருபத்தைந்து.

இங்கே மிஷின் இரண்டும் ஓடவில்லை. கையால் துவைக்கிறோம். மற்றபடி ஒன்றுமில்லை.

அக்கா


மே 15

அக்காவுக்கு,

அளவு நேற்றுக் கிடைத்தது. சரியாக இருக்கிறது. மிகச் சரியாக இருக்கிறது. அதனால் புறப்படவில்லை.

மஞ்சள் துணியை இன்று வெட்டினேன். கழுத்துக்கு வெள்ளை நூலில் சின்னதாக ஓர் ஓரத்தையல் போடலாம் என்று நினைத்தேன், பிறகு மஞ்சளிலேயே போட்டேன். பட்டன் ஆறு. காஜா கையால் எடுக்கிறேன், மிஷினில் எடுத்தால் முரடாக இருக்கும். ஒரு காஜாவுக்கு அரை மணி ஆகிறது. ஒன்றை இரண்டு தடவை பிரித்துவிட்டு மறுபடி எடுத்தேன். பள்ளிகள் திறக்கப்போகிற நேரம், சீருடை வேலை மலையாகக் கிடக்கிறது. ஒருவர் வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார். போடட்டும்.

உங்கள் துவைக்கும் மிஷின் எந்த மாதிரி? பெல்ட் போயிருந்தால் தையல் மிஷின் பெல்ட் சில சமயம் ஒத்துவரும்.

தம்பி


ஜூன் 9

தம்பிக்கு,

உங்களுக்கு எழுத எனக்கு முகமில்லை. இரண்டு வாரமாகக் காகிதத்தை எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

கடைசியில் உங்கள் வீட்டம்மா போன் செய்து நீங்கள் வந்த அன்று உங்களிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களை அன்றுதான் முதல்முதலாகப் பார்க்கிறேன். கையில் அந்தப் பை, தோளில் நூல் ஒட்டியிருந்தது. "அக்கா யாரு?" என்று வாசலில் யாரிடமோ கேட்டீர்கள். நான் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். ஐம்பத்தெட்டு வயதில் ஒளிந்துகொண்டேன்.

மே பத்தாம் தேதி எழுதிய அளவு பொய். அன்று காலை டேப் எடுத்துக்கொண்டு போய் உண்மையில் அளந்தேன். எழுத உட்கார்ந்தபோது உங்கள் வீட்டம்மா பின்னாலேயே வந்து நின்றாள். "அக்கா, கூட்டி எழுதுங்க. அவரு கிளம்பி வந்து இவளை இப்படிப் பார்த்தா உடைஞ்சிருவாரு. அப்புறம் சின்னவனை யாரு பார்க்கறது? திங்கக்கிழமை புது மருந்து ஆரம்பிக்கிறாங்க. நாலு நாள் டைம் குடுங்க, நானே சொல்றேன்." என் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒன்பது வருஷமாக இங்கே இருக்கிறேன், இப்படி எத்தனை பேர் கையைப் பிடித்திருக்கிறார்கள். யாருக்கும் நான் வளைந்ததில்லை. அன்று வளைந்துவிட்டேன்.

எவ்வளவு கூட்ட வேண்டும் என்றுகூட எனக்குத் தெரியவில்லை. மேஜையில் யாரோ நன்கொடையாகக் கொடுத்த பள்ளிச் சீருடைப் பொட்டலம் கிடந்தது. ஏழு வயது என்று போட்டு மேலே அளவு ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து எழுதினேன்.

நாலு நாள் எட்டு நாளாயிற்று. "இன்னைக்குச் சொல்லிட்டியா?" என்று தினமும் கேட்டேன். "நாளைக்கு அக்கா" என்றாள். பன்னிரண்டாம் நாள் நானே போன் செய்ய எண்ணைச் சுழற்றிவிட்டுப் பாதியில் வைத்தேன். அன்று பட்டாணி கண் விழித்து முட்டை கேட்டாள். ஒருவேளை என்று நானும் நினைத்துவிட்டேன். முப்பது வருஷம் ஒரு பஸ் நாலு நிமிஷம் பிந்தினால் நாலு என்றே எழுதியவள் நான்.

அவள் காலை ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்குப் போனாள். நீங்கள் வாசலுக்கு வந்தபோது மாலை ஐந்தே கால். எட்டு மணி ஐந்து நிமிஷம். இது என் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது.

அறக்கட்டளைக் கூட்டத்தில் எழுந்து சொல்லிவிட்டேன், வேலையை விடுகிறேன் என்றும் சொன்னேன். யாரும் திட்டவில்லை. "நல்ல எண்ணத்துலதானே செஞ்சீங்க" என்றார்கள். அதைத்தான் தாங்க முடியவில்லை. நீங்களாவது திட்டி எழுதுங்கள்.

அக்கா


ஜூலை 1

தம்பிக்கு,

பதில் வரவில்லை. வரும் என்று நான் எதிர்பார்த்திருக்கவும் கூடாது.

வேலையை விடவில்லை. விட்டால் எட்டு அறைக்கும் ஆளில்லை என்றார்கள், அதுவும் உண்மைதான். மூன்றாவது விதி இன்னும் சுவரில்தான் இருக்கிறது. அதைப் பார்க்காமல் நடக்கப் பழகிவிட்டேன்.

நான்காம் அறைக்குப் புதிதாக ஒரு குடும்பம் வந்திருக்கிறது. நீங்கள் தைத்த சட்டைகளை அந்தக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்று உங்கள் வீட்டம்மாவைப் போனில் கேட்டேன். கொடுங்கள் என்றாள். கொடுத்துவிட்டேன். உங்கள் டேப் என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. அனுப்பி வைக்கட்டுமா என்று கேட்கத்தான் எழுதினேன். அதற்கு மட்டும் பதில் போட்டால் போதும்.

சின்னவனுக்குச் சளி எப்படி இருக்கிறது?

அக்கா


ஜூலை 19

அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் கிடைத்தன. திட்டி எழுதச் சொன்னீர்கள். நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. இல்லை என்று சொன்னால் அதுவும் பொட்டலத்தைப் பார்த்து எழுதியதாகிவிடும். என் மனைவி மேலும் இருக்கிறது. எதுவும் கேட்காமல் இருவரும் ஒரே வீட்டில் நடமாடுகிறோம்.

ஆனால் உங்களிடம் ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை அவளிடம்கூட இன்னும் சொல்லவில்லை.

மே பதினாலாம் தேதி உங்கள் கடிதத்தைக் கடையில் வைத்துப் பிரித்தேன். மார்பு இருபத்தி நாலு, இடுப்பு இருபத்தி மூன்று, தோள் பத்தரை. பாதி வாசிக்கும்போதே மீதி என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. மேல்கை ஏழு, நீளம் இருபத்தைந்து. நிமிர்ந்து பார்த்தால் என் தலைக்கு மேல் சுவரில் அதே வரி. வயது ஏழு. ஐந்து எண்ணில் ஒன்றுகூட மாறவில்லை. பதினெட்டு வருஷமாக அந்த அட்டவணைக்குக் கீழே உட்கார்ந்து தைக்கிறேன் அக்கா. எனக்குத் தெரியாமல் போகுமா? அவளுக்குத் தோள் ஒன்பதே முக்கால். எந்தக் குழந்தைக்குத் தோள் ஆறு வாரத்தில் முக்கால் இஞ்ச் அகலும்?

பை வாசலில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு இறங்கியிருந்தால் மறுநாள் அங்கே இருந்திருப்பேன். அவளோடு ஒன்பது நாள் இருந்திருப்பேன். நான் என்ன செய்தேன் தெரியுமா? பையைப் பிரித்து, நாலு துணியையும் எடுத்து மறுபடி கொடியில் போட்டேன். மஞ்சள் துணியை மேஜையில் விரித்து, அது பொய் என்று தெரிந்துகொண்டே அந்த அளவில் கோடு போட்டேன். அக்கா எழுதியிருக்கிறார்கள், அக்கா கூட்டியும் சொல்ல மாட்டார்கள், குறைத்தும் சொல்ல மாட்டார்கள் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். நீங்கள் சொன்ன மேல்கை அளவை ஏப்ரலில் நான் பார்க்காமல் விட்டதும் அப்படித்தான். இடுப்பு கூடிக் கை குறைந்தால் அது சதை இல்லை, மருந்து வீக்கம் என்று எனக்குத் தெரியாதா?

நீங்கள் பொய் எழுதினீர்கள். நான் அதைக் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

மஞ்சள் கவுனை அவளுக்கு நான்தான் போட்டுவிட்டேன். நீங்கள் சமையலறையில் இருந்திருப்பீர்கள். இரண்டு பக்கமும் தொளதொளவென்று நின்றது. அங்கே இருந்த நர்ஸிடம் ஊக்கு வாங்கி முதுகில் பிடித்துக் குத்தினேன். ஏழு ஊக்கு. நான் தைத்ததை ஊக்குக் குத்தி யாரும் போட்டதில்லை.

சின்னவனுக்குச் சளி போய்விட்டது. இப்போது போய் என்ன.

டேப் உங்களிடமே இருக்கட்டும். நான்காம் அறைக் குழந்தைக்கு அளவெடுத்து எழுதுங்கள், தைத்து அனுப்புகிறேன். அறை எண் போதும், பெயர் வேண்டாம். பெற்றவர்களில் ஒருவர் ஊரில் இருந்தால் அவருக்கும் அதே அளவை எழுதுங்கள்.

எனக்கு ஒன்று வேண்டும். மே பத்தாம் தேதி காலையில் உண்மையில் அளந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த எண்களை எழுதி அனுப்புங்கள். நான் வந்த அன்று அவள் மேல் டேப் வைக்க எனக்குக் கை வரவில்லை. கண்ணை மூடினால் அவள் அட்டவணை அளவில் வந்து நிற்கிறாள். அது என் பெண் இல்லை.

தையற்காரன்


ஜூலை 25

தம்பிக்கு,

மே பத்து, காலை எட்டு மணி இருபது நிமிஷம். நான்காம் அறை. அன்றே காலண்டர் தாளின் பின்பக்கத்தில் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்து எழுதுகிறேன்.

மார்பு இருபதே முக்கால்.

இடுப்பு பத்தொன்பது.

தோள் ஒன்பதே முக்கால்.

மேல்கை நாலே முக்கால்.

நீளம் இருபத்தி நாலே கால். மார்ச்சில் எடுத்தது இருபத்தி நாலு. நான்தான் தப்பாகப் பிடித்துவிட்டேனோ என்று அவளைச் சுவரோடு சாய்த்து நிறுத்தி மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் அதேதான். நிற்க முடியாமல் என் தோளைப் பிடித்துக்கொண்டே, "அக்கா, நான் வளர்ந்திருக்கேனா?" என்று கேட்டாள். ஆமாம், கால் இஞ்ச் வளர்ந்திருக்கே என்றேன். "அப்பாகிட்ட சொல்லுங்க" என்றாள்.

அக்கா